தாய்மாமனே இப்படிப் பேசினால்?

கேள்வி: என் தாய்மாமா மாலையில் தெருப் பையன்களுக்கு டியூஷன் எடுக்கிறார். 'ஹிட்லர் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றதெல்லாம் கட்டுக்கதை' என்று அவர்களிடம் சொல்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்த்துப் பேசினால் உறவு கெடுமோ என்று பயம். – வாசகி, குடியாத்தம்.

பதில்: பேசுங்கள் தங்கச்சி. நாளைக்கு உங்கள் கல்யாணத்தில் முன்னால் நிற்க வேண்டியவர், அதனால் முதலில் தனியாகச் சொல்லுங்கள், அந்த மரியாதை அவருக்கு உண்டு. அம்மா காதிலும் முன்கூட்டியே போட்டுவையுங்கள். கேட்கவில்லையா, அடுத்த முறை பையன்கள் இருக்கும்போதே, குரலை உயர்த்தாமல், "இல்ல மாமா, அது நடந்ததுதான்" என்று சொல்லிவிடுங்கள். அவர் மாறுகிறாரோ இல்லையோ, அந்தப் பிள்ளைகள் காதில் இன்னொரு குரலும் விழ வேண்டும்.

'யூதர்களே எழுதிக்கொண்டது' என்பார். கொன்றவர்கள் விட்டுப்போன சாட்சியையே எடுத்து வையுங்கள். 1943 அக்டோபரில் போசன் நகரத்தில் ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரிகளிடம் யூத இனத்தை அழிப்பதைப் பற்றி அந்தப் படையின் தலைவன் ஹிம்லர் வெளிப்படையாகப் பேசினான், அந்த ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதியாக இருந்த ருடால்ஃப் ஹோஸ் 1946-இல் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். 1943 ஜனவரியில் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். அதிகாரி அனுப்பிய தந்தியில், ட்ரெப்லிங்கா, சோபிபோர் உள்ளிட்ட நான்கு கொலை முகாம்களுக்கு 1942 முடியும்வரை வந்து சேர்ந்தவர்கள் 12,74,166 பேர் என்று கடைசி ஆள்வரை கணக்கு இருக்கிறது. நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று எழுந்த சிப்பாய்களை எப்படிக் கொன்றார்கள் என்பதும், பெரும்பாலும் கொன்ற தரப்பான வெள்ளைக்காரன் எழுதி வைத்ததிலிருந்துதானே நமக்குத் தெரியும்? அதை மாமா சந்தேகப்படுகிறாரா என்று கேளுங்கள்.

நம் பக்கம் 'ஒழுக்கம், தேசப்பற்று' என்று ஹிட்லரைப் புகழ்கிற பழக்கம் வேறு இருக்கிறது, எனக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும். சிலருக்கு இது காசாவைப் பார்த்து வருகிற கோபம். மாமாவுக்கும் அப்படியென்றால் அந்தக் கோபத்தை மதியுங்கள், அங்கே சாகிற குழந்தைகளுக்காக அழுவது நியாயம். ஆனால் அதற்காக 1942-இல் ட்ரெப்லிங்காவில் செத்த குழந்தையை இல்லையென்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

சத்தம் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள், பேச்சை முறிக்காதீர்கள், வீட்டு விசேஷங்களுக்கு வழக்கம்போலப் போங்கள். அதற்கப்புறமும் பையன்களுக்கு அதையே சொல்லிக் கொடுத்தால், அவர்களுடைய அப்பா அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், இதில் தயங்கவே வேண்டாம்.