நம்பாவிட்டாலும் கை நீள்வது ஏன்?

கேள்வி: விளம்பரங்களை நான் நம்புவதே இல்லை. இருந்தும் கடையில் நிற்கும்போது, அடிக்கடி விளம்பரத்தில் பார்த்த பொருளை நோக்கியே கை நீள்கிறது. இது ஏன்? மாற்றிக்கொள்ள வழி உண்டா? (ஒரு வாசகி)

பதில்: விளம்பரத்தின் முதல் வேலை நம்மை நம்பவைப்பதன்று, பழக்கப்படுத்துவதே. முதன்முறையாகக் கேட்கும் கூற்றைவிடத் திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோல் தோன்றும் என்பதை உளவியலாளர்கள் 1977-ஆம் ஆண்டிலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். பத்துப் பெயர்கள் அடுக்கியிருக்கும் இடத்தில், ஏற்கெனவே காதில் விழுந்த பெயரை மனம் தெரிந்தவர் முகத்தைப்போல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, 'நான் ஏமாறமாட்டேன்' என்ற உறுதி மட்டும் காவலாகாது. அந்த உறுதியே நம்மைக் கவனக்குறைவாக்கிவிடவும் கூடும்.

வாசகங்களைச் சொல் சொல்லாகப் படித்துப் பாருங்கள். 'முடி உதிர்வை 90 சதவீதம் வரை குறைக்க உதவும்' என்று ஒரு வாசகம் இருப்பதாகக் கொள்வோம். 'வரை' என்ற சொல்லுக்குள் 5 சதவீதமும் அடங்கும்; 'உதவும்' என்ற சொல்லோ, வேலையைச் செய்வது வேறொன்றாக இருக்கவும் இடம் தருகிறது. 'இதைவிடச் சிறந்தது வேறில்லை' என்பது எல்லாம் ஒரே தரம் என்றாலும் பொய்யாகாது. சொல்லப்பட்டதையும் நாம் புரிந்துகொண்டதையும் தாளில் அருகருகே எழுதினால், இடைவெளியை நிரப்பியது நாமே என்பது தெரியும்.

விளம்பரம் என்றே தெரியாமல் வருவதுதான் இதைவிடக் கடினமானது. 1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளன்று நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் இளம்பெண்கள் சிலர் சிகரெட் பற்றவைத்து நடந்தார்கள். பெண்கள் பொது இடத்தில் புகைப்பது இழிவாகக் கருதப்பட்ட அந்நாளில், அந்தச் சிகரெட்டுகள் 'விடுதலைச் சுடர்கள்' என்று சொல்லப்பட்டதால் பத்திரிகைகள் அதைச் செய்தியாகவே வெளியிட்டன. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற மக்கள்தொடர்பு வல்லுநர். அவரை அமர்த்தியது ஒரு புகையிலை நிறுவனம். நியாயமான உரிமை வேட்கை ஒன்று நுரையீரலைக் கெடுக்கும் பொருளை விற்கும் கருவியாக்கப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. மனத்தைத் தொடும் செய்தியையோ காணொளியையோ பார்த்ததும், 'இதற்குப் பணம் தந்தவர் யார்?' என்று கேட்பது அவநம்பிக்கையாகாது.

கேள்வி: திரைப்படத்தையும் தொடரையும் இப்படி ஆராய்ந்துகொண்டே இருந்தால் ரசிக்க முடியுமா? (ஒரு வாசகர்)

பதில்: முடியும். முதலில் கதையோடு ஒன்றிப் பாருங்கள். ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வானொலியின் தொடக்கக் காலத்தில் சோப்பு நிறுவனங்களின் பணத்தில் வளர்ந்ததால்தான் நெடுந்தொடர்களுக்குச் 'சோப் ஓபரா' என்ற பெயரே வந்தது. பொழுதுபோக்கும் வணிகமும் அந்த அளவுக்குப் பழைய கூட்டாளிகள்.

பிடித்த காட்சி ஒன்றை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். இசை இல்லாதபோது, 'வேண்டாம்' என்று சொல்லிவிட்ட பெண்ணைத் தொடர்ந்து துரத்துகிறவனின் செய்கை காதலாகத் தெரிகிறதா, தொல்லையாகத் தெரிகிறதா? யாருடைய நிறத்தையும் உடலையும் பார்த்து நம்மைச் சிரிக்க வைத்தார்கள் என்பதும் அப்போது கண்ணில் படும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு, நீங்கள் கருத்துச் சொல்வதற்கு முன் அவர்கள் என்ன கண்டார்கள் என்று கேளுங்கள்.