அப்பாவுக்கு நான்காம் நிலை புற்றுநோய். சிகிச்சையை முடிவு செய்யுமுன் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாமா?

உங்கள் கேள்வியில் "டாக்டர் பேசுவது பாதி புரியவில்லை, அப்பா முன்னால் கேட்கவும் முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் அங்கேதான் மாட்டினோம். நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

அப்பா கோவில்பட்டியில் நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். மலத்தோடு ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஆறு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டார். உடம்பு இளைத்து, தன் சட்டையைத் தானே இரண்டு தடவை பிடித்துத் தைத்துக்கொண்ட பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போய் கொலனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற சோதனை, பார்த்தோம். பெருங்குடலில் கட்டி. கல்லீரலில் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. நுரையீரலிலும் சின்னச் சின்னதாகப் புள்ளிகள். இப்படி வேறு உறுப்புக்குப் பரவிவிட்டதைத்தான் நான்காம் நிலை என்கிறார்கள்.

ரிப்போர்ட் வந்த அன்று அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நானும் அண்ணனும் மட்டும் உள்ளே போனோம். அண்ணன் பேசிய முதல் வார்த்தையே, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், அவர் தாங்க மாட்டார்." டாக்டர் தலையாட்டினார். தினமும் பத்துக் குடும்பம் இதையே சொல்லும் போலிருக்கிறது. அப்பாவிடம், "குடல்ல புண்ணு, ஊசி போட்டா ஆறிடும்" என்று சொல்லி வைத்தோம்.

அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று ஆனதும், அவர் முன்னால் நாங்களும் எதையும் கேட்க முடியாமல் போனது. டாக்டரும் அவரிடம் ஒன்று, வராந்தாவில் எங்களிடம் வேறொன்று என்று பேச வேண்டியதாயிற்று. வெளியே அறுபது பேர் டோக்கனோடு நிற்கையில் அந்த வராந்தாப் பேச்சுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? பெரும்பாலும் ஒரு நிமிடம். சில நாள் அதுவும் இல்லை.

கீமோ தொடங்கியது. 21 நாளுக்கு ஒரு சுற்று. முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸ், பிறகு 14 நாள் காலையும் இரவும் கேப்சிட்டபைன் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. மூன்றாவது சுற்று முடிந்ததும் சிடி ஸ்கேன். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "குட் ரெஸ்பான்ஸ், நல்லா குறைஞ்சிருக்கு" என்றார். அம்மா அந்த வாரமே இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தாள். அண்ணன் தெரு முழுக்க கேசரி கொடுத்தான்.

"ரெஸ்பான்ஸ்" என்றால் அவர்கள் கணக்கில் என்ன என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஸ்கேனில் சில கட்டிகளைக் குறித்துக்கொண்டு அவற்றின் விட்டத்தை அளந்து கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்திருந்தால் அதன் பெயர் ரெஸ்பான்ஸ். குணமாகிறது என்று அதற்கு அர்த்தமே கிடையாது. டாக்டர் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு வேண்டியதை நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

இது படிக்காதவர்கள் செய்கிற தப்பு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பரவிய நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 1193 பேரிடம் விசாரித்த ஆய்வு ஒன்று 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அந்த மருந்து நோயை முழுசாகப் போக்க வாய்ப்பில்லை என்பதைப் பெருங்குடல் நோயாளிகளில் 81 சதவீதம் பேரும், நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதம் பேரும் சரியாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை. இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. "எங்க டாக்டர் ரொம்ப நல்லா பேசுவார்" என்று அதிக மார்க் போட்டவர்கள்தான் கூடுதலாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அதனால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள், இதே வார்த்தையில் கேட்டாலும் சரி: "டாக்டர், இந்த சிகிச்சை நோயை முழுசா போக்குறதுக்கா, இல்ல கட்டுக்குள்ள வச்சு நாளை நீட்டுறதுக்கா?" நான் இதைக் கேட்டது ஐந்தாவது சுற்றில். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, "முழுசா போகாதுங்க. மருந்து நல்லா கேட்டா ரெண்டு வருஷம், சிலருக்கு அதுக்கு மேலயும் போகும்" என்றார். அன்று பஸ்ஸில் கோவில்பட்டி வரும்வரை நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காம் நிலை என்றாலே இதுதான் பதில் என்று நீங்களாக முடிவு கட்டிவிடவும் கூடாது. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்கு மட்டும் பரவியவர்களில் சிலருக்கு அந்த இடத்தை வெட்டி எடுத்தே குணமாக்குகிறார்கள். அப்பாவுக்கு நுரையீரலிலும் இருந்ததால் வழியில்லை என்றார்கள். ஆனால் அதை நாங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

இனி, விரல் விஷயம்.

ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பைப் பிடிக்கும். முதலில் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜைத் தொட்டால், பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். சுற்று கூடக் கூட விரல் நுனி மதமதத்துப் போகும். ஒவ்வொரு தடவையும் டாக்டர், "கை கால் மதமதப்பு இருக்கா ஐயா?" என்று கேட்பார். அப்பா, "லேசா இருக்கு, ஒண்ணும் தொந்தரவு இல்ல" என்பார். டாக்டரிடம் குறை சொல்வது மரியாதை இல்லை என்று நினைக்கிற தலைமுறை.

ஆறாவது சுற்றுக்குப் பிறகு ஒருநாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். அப்பா கை ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். நூலை நாக்கில் நனைத்து, முறுக்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நூல் விலகிப் போனது. மறுபடி நனைத்தார். நான்காவது தடவை ஊசியே கீழே விழுந்தது. விழுந்தது விரலுக்குத் தெரியவில்லை. இரண்டு விரலையும் அப்படியே சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணை இறக்கிப் பார்த்த பிறகுதான் குனிந்து தேடினார். எனக்குத் தெரிந்து அவர் நூல் கோர்க்க விளக்கைப் போட்டதே கிடையாது.

"இந்த டிரிப்ஸை நிறுத்தினா என்னாகும்னு டாக்டர்கிட்ட கேளு" என்றார். புண் ஆறணும்ல அப்பா என்று நான் ஆரம்பித்தேன்.

"புண்ணுக்கு எவன்டா புற்றுநோய்ப் பிரிவுல வச்சு ஊசி போடுறான்? போர்டு தமிழ்லதான எழுதியிருக்கு."

முதல் நாளே தெரியும். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உங்க அம்மா தாங்க மாட்டா" என்றார்.

அடுத்த தடவை அப்பாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார். வராந்தாப் பேச்சு அன்றோடு ஒழிந்தது. ஊசி விழுந்ததை நான் சொன்னதும், டாக்டர் முதல் முறையாக, "ஐயா என்ன வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டார். நான்கரை மாதத்தில் அந்தக் கேள்வி வரவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை. "டெய்லரா? முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். டிரிப்ஸை நிறுத்தி மாத்திரையை மட்டும் தொடர்ந்தார். இது தயவுக்காகச் செய்ததும் இல்லை. ஆக்ஸாலிபிளாட்டினைக் கொஞ்ச காலம் கொடுத்துவிட்டு நிறுத்தி, தேவைப்பட்டால் திரும்பத் தொடங்குவதை 620 பேரிடம் சோதித்த பிரெஞ்சு ஆய்வு 2006-லேயே வந்திருக்கிறது. இடைவிடாமல் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஆயுள் குறையவில்லை.

உடனே சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நிறுத்திய பிறகும் இரண்டு மாதம் மதமதப்பு கூடத்தான் செய்தது. அப்புறம் மெல்லக் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. கையால் காஜா (பட்டன் ஓட்டை) எடுப்பதை விட்டுவிட்டார். ஆனால் அளவெடுத்து வெட்டுவது, மெஷினில் உட்காருவது இரண்டும் திரும்பி வந்தன.

ஆகவே உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார், எது முடியாமல் போனால் அவருக்குப் பெரிய இழப்பு என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சமையல்காரருக்கு நாக்கு, டிரைவருக்குப் பாதம். ஃபைலில் வயதும் எடையும் இருக்கும், இது இருக்காது.

சொல்லலாமா என்றால், முதலில் அவரையே கேளுங்கள்: "டாக்டர் சொல்றதை எல்லாம் உங்ககிட்டயே சொல்லச் சொல்லவா, இல்ல நான் கேட்டுக்கிட்டா போதுமா?" எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்றும் இல்லை. என் அம்மா இன்றுவரை அந்த ரிப்போர்ட்டைத் தொட்டதில்லை, அது அவள் இஷ்டம். ஆனால் சுயநினைவோடு இருக்கும் வயது வந்தவருக்காக மகன் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது நம் ஊர் வழக்கமே தவிர சட்டம் இல்லை. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி அறுவை செய்த வழக்கில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அப்பாவின் முதல் கீமோ படிவத்தில் இருப்பது என் கையெழுத்து. இப்போது நினைத்தால் கூசுகிறது.

மற்றவை சின்ன விஷயங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். கேட்டுவிட்டு போனில் பதிவு செய்யுங்கள், எங்கள் டாக்டர் மறுத்ததில்லை. எழுந்திருக்கும் முன், "நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான், சரியா?" என்று உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். எங்களுக்குப் பாதி தடவை தப்பாகத்தான் இருந்தது. ரிப்போர்ட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருட விதியே இருக்கிறது. வேறொரு டாக்டரிடம் காட்ட அது வேண்டும். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன், "தாராளமா காட்டுங்க" என்றார்.

காசையும் கூச்சப்படாமல் பேசுங்கள். விலை கூடிய இன்னொரு ஊசியையும் சேர்க்கலாம் என்று ஒருமுறை சொன்னார்கள். "சேர்த்தா எத்தனை மாசம் கூடும்?" என்று அப்பாவே கேட்டார். சராசரியாகச் சில மாதம், உறுதி இல்லை என்றார் டாக்டர். வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அதில் இன்றும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் முடிவு அவருடையது.

ஒன்றரை வருடம் கழித்து ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. மருந்தை மாற்ற வேண்டும், அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். அப்பா, ரெண்டு வாரம் தள்ளினால் மோசமாகுமா என்று கேட்டார். பெரிதாக இல்லை என்று பதில் வந்தது. "அப்போ தீபாவளித் துணி முடிச்சுட்டு வர்றேன் டாக்டர், நாப்பது பேருது வெட்டிப் போட்டிருக்கேன்" என்றார். டாக்டர் சுவரிலிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தீபாவளி கழிந்த புதன்கிழமைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.