வாசகர் கேள்வி: அடையாற்றங்கரையில் பறவை பார்க்க

கேள்வி: கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்குப் பிள்ளைகளோடு அடிக்கடி போகிறோம். காகமும் மைனாவும்தான் கண்ணில் படுகின்றன. ஆற்றுப் பறவைகளைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்? (வாசகி, கோட்டூர்புரம்)

பதில்: மரப்பூங்காவில் தேட வேண்டியவை மரத்துப் பறவைகள். விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய், நடந்துகொண்டே இராமல் ஓரிடத்தில் இருபது நிமிடம் உட்காருங்கள். குக்குறுவானும் தையல்சிட்டும் தேன்சிட்டும் தாமாக வெளியே வரும்.

பவளக்கால் உள்ளான் போன்ற நீர்க்கரைப் பறவைகளுக்குச் சேறு வேண்டும். அதற்கு அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம்தான் சரி. திரு.வி.க. பாலத்தின் கிழக்குப் பக்க நடைபாதையில் நின்றே பார்க்கலாம். காலையில் போனால் சூரியன் எதிரே நிற்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், நிறம் துல்லியமாகத் தெரியும்.

அந்த நேரத்தில் கடல்நீர் வற்றியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இந்தச் சனிக்கிழமை மாலை வற்றம் என்றால் அடுத்த சனிக்கிழமை அதே நேரம் ஏற்றமாக இருக்கும். இரண்டு வாரம் கழித்துப் போனால் மறுபடி சேறு தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் இறங்கும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. பெருமழைக்குப் பிறகும் அப்படித்தான், சேறு முழுக்க நீருக்கடியில் போய்விடும். வலசைப் பறவைகளுக்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

பிள்ளைகளைச் சேற்றில் மட்டும் இறக்காதீர்கள். கழிவுநீர் கலந்த ஆறு அது. காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றலாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய 10x50 பைனாகுலரில் எல்லாம் மங்கலாகவும் ஆடிக்கொண்டும் தெரிகிறது. பழுதா? (வாசகர், சைதாப்பேட்டை)

பதில்: பழுதாக இருக்காது. பத்து மடங்கு பெருக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகும். பறவை பார்க்க, எட்டு மடங்கு பெருக்கும் 8x42 போதும். இருப்பதை இப்படிச் சரிசெய்யுங்கள். இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும்வரை நடுக் கீலை மடக்குங்கள். வலக்கண்ணை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் வளையம் அங்கேதான் இருக்கும். பலர் இந்த வளையத்தைத் தொடுவதே இல்லை, மங்கலுக்கு அதுவே காரணம். மூக்குக்கண்ணாடி போடுகிறவரானால் கண்ணுறையை உள்ளே இறக்கிவிடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஊன்ற வேண்டாம், பேருந்து போகும்போது அதிரும்.

கேள்வி: பூங்காவில் பாம்பு கண்டால்? (வாசகி, நந்தனம்)

பதில்: நின்று, பின்வாங்கி, வழிவிடுங்கள். நீரோரம் தென்படுவது பெரும்பாலும் நஞ்சில்லாத தண்ணீர்ப்பாம்பு. ஆனாலும் கடித்தால் எந்தப் பாம்பென்று ஆராய வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை.