மொத்தமாக ஒப்புக்கொண்டவர்

அன்புள்ள சார்,

ஆல்பர்ட் ஸ்பீரின் நினைவுக் குறிப்புகளை இப்போதுதான் படித்து முடித்தேன். ஹிட்லரின் ஆயுத உற்பத்தி அமைச்சர். போர் முடிந்து நியூரம்பெர்க்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் மற்றவர்கள் எல்லாரும் 'எனக்கு எதுவும் தெரியாது, மேலிடத்து உத்தரவு' என்று கையை விரித்தபோது, இவர் ஒருவர்தான் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 20 வருடம் சிறையில் இருந்தார். இவரையும் மற்ற நாஜிகளோடு ஒரே தராசில் வைப்பது நியாயமா? மனசாட்சி உள்ள ஒரு படித்த மனிதர் தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் தடவை படித்தபோது நானும் இப்படித்தான் கரைந்துபோனேன். இரண்டு நண்பர்களுக்கு இரவல் வேறு கொடுத்தேன் (ஒருவர் இன்னும் திருப்பித் தரவில்லை). அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நன்றாக எழுதப்பட்ட புத்தகம், சிக்கலே அதுதான்.

ஒரு சின்னத் திருத்தம். அவர் ஒருவர்தான் என்பது சரியல்ல, போலந்தை ஆண்ட ஹான்ஸ் ஃபிராங்கும் அந்தக் கூண்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு பேசினார், அவரைத் தூக்கில் போட்டார்கள். ஸ்பீர் ஏற்றது 'கூட்டுப் பொறுப்பு'. அரசின் தலைமையில் இருந்தேன், நடந்ததற்கெல்லாம் நானும் பொறுப்பு, ஆனால் யூதர்களைக் கொன்றது எனக்குத் தெரியாது. மொத்தமாக ஒப்புக்கொண்டு சில்லறையாக மறுப்பது என்று இதைச் சொல்லலாம். நம்மூர் மளிகைக்கடைக் கணக்கு மாதிரி, மொத்தத்தைச் சொன்னபிறகு யாரும் துண்டுச்சீட்டைக் கேட்பதில்லை.

ஒரு துண்டுச்சீட்டைப் பார்ப்போம். 1943-ல் ஜெர்மானியர்களின் ராக்கெட் தளமான பீனமுண்டே மீது பிரிட்டிஷ் குண்டு விழுந்ததும், வி-2 ராக்கெட் உற்பத்தியை நோர்ட்ஹவுசன் பக்கத்தில் ஒரு மலைக்குள் கொண்டுபோனார்கள். குடைந்தவர்கள் வதைமுகாம் கைதிகள். முதல் மாதங்களில் அவர்கள் படுத்ததும் அதே சுரங்கத்துக்குள்தான், நாலு அடுக்குப் பலகைகளில், பக்கத்திலேயே பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருக்க. கழிப்பிடம் என்பது பாதியாக அறுத்த எண்ணெய் பீப்பாய். வெளிச்சத்தையே வாரக்கணக்கில் பார்க்காதவர்கள் உண்டு. டோரா என்ற அந்த முகாமுக்கு வந்த சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். 1943 டிசம்பர் 10 அன்று ஸ்பீர் நேரில் போய்ப் பார்த்தார். அந்த நிலைமை காட்டுமிராண்டித்தனமாக இருந்தது என்று புத்தகத்தில் உருகியிருப்பார், நீங்களும் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றிருப்பீர்கள். சரி, பார்த்துவிட்டு வந்து ஒரு வாரத்தில் வதைமுகாம்களை நடத்திய எஸ்எஸ் படையின் அதிகாரி கம்லருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. இரண்டே மாதத்தில் இப்படி ஒரு தொழிற்சாலையா, ஐரோப்பாவில் இதற்கு ஈடே கிடையாது என்று பாராட்டு. அந்தக் கடிதத்துக்குப் புத்தகத்தில் இடமில்லை.

'தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டார்' என்கிறீர்கள். 1931-லேயே விரும்பிக் கட்சியில் சேர்ந்தவர் அவர். 1942 பிப்ரவரியில் முந்தைய ஆயுத அமைச்சர் டோட் விமான விபத்தில் இறந்த அன்றே அந்த நாற்காலி இவருக்கு வந்தது, வயது 36. 1944-ல் ஜெர்மனிக்குள் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலானவர்கள் கட்டாயத்தின் பேரில். ஆள் பிடித்துக் கொடுத்தவர் சௌக்கல், எனக்கு இன்னும் ஆள் வேண்டும் என்று கேட்டவர்களில் முதல் ஆள் ஸ்பீர். சௌக்கல் கரடுமுரடான ஆள், சரியாகப் பேசவும் தெரியாது, அவருக்குத் தூக்கு. கோட்டு நன்றாகத் தைத்துப் போட்டு நன்றாகப் பேசிய ஸ்பீருக்கு 20 வருடம்.

அவருடைய சிறைக்கதை எனக்கும் பிடித்ததுதான், அதை மறைக்க மாட்டேன். பெர்லினின் ஸ்பாண்டாவ் சிறைத் தோட்டத்தில் 270 மீட்டருக்கு ஒரு சுற்று என்று அளந்துகொண்டு, முதலில் பெர்லினிலிருந்து ஹைடல்பெர்க் வரைக்கும் என்று ஆரம்பித்து, அப்புறம் உலகத்தையே மனசுக்குள் நடந்து கடந்துகொண்டிருந்தார். எண்ணிக்கை தவறாமல் இருக்க, அங்கே உடனிருந்த கைதி ருடால்ஃப் ஹெஸ் (ஒரு காலத்தில் கட்சியில் ஹிட்லரின் துணைத் தலைவர்) ஒரு வழி சொன்னார்: இடது பையில் 30 பட்டாணி, ஒரு சுற்று முடிந்தால் ஒன்றை வலது பைக்கு மாற்று. மொத்தம் 31,816 கி.மீ. 1966-ல் விடுதலையாகும்போது பழைய நண்பர் ருடால்ஃப் வோல்டர்ஸுக்குத் தந்தி: மெக்சிகோவில் குவாதலஹாராவுக்கு 35 கிலோமீட்டர் தெற்கே வந்து என்னை அழைத்துக்கொள்.

இந்த வோல்டர்ஸ்தான் போர்க்காலத்தில் ஸ்பீர் அலுவலகத்தின் நாட்குறிப்பை எழுதியவர். பெர்லினை ஹிட்லர் ஆசைப்பட்ட மாதிரி இடித்துக் கட்ட யூதர்களின் வீடுகளைக் காலி செய்த விவரம் எல்லாம் அதில் இருந்தது, அந்த வேலை ஸ்பீரின் அலுவலகத்துடையது. 1964-ல் வோல்டர்ஸ் அந்த வரிகளை நீக்கி ஒரு பிரதி தயாரித்தார், விடுதலையான ஸ்பீர் தெரிந்தே அதை அரசு ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்தார். பிறகு நண்பர்களுக்குள் மனக்கசப்பு. மேடைக்கு மேடை பாவமன்னிப்பு, வீட்டில் புத்தகக் காசு என்று வோல்டர்ஸுக்கு எரிச்சல். வெட்டாத மூலத்தை ஒரு ஆய்வு மாணவரிடம் கொடுத்துவிட்டார்.

ஆனால் கடைசி மாதங்களில் பாலங்களையும் ஆலைகளையும் அழிக்கச் சொன்ன ஹிட்லரின் உத்தரவை ஸ்பீர் தடுத்தது உண்மை, அந்த வரவு அவர் கணக்கில் இருக்கட்டும். தராசைப் பற்றிக் கேட்டீர்கள். எஸ்எஸ் தலைவர் ஹிம்லரோடும் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸோடும் அதே தராசில்தான் வைப்பேன், எடை கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

இன்னொன்று. 1943 அக்டோபர் 6, போஸன் நகரில் கட்சித் தலைவர்களிடம் ஹிம்லர் யூதர்களைக் கொல்வதை வெளிப்படையாகவே பேசினார், நடுவில் ஸ்பீரைப் பெயர் சொல்லி அழைக்கவும் செய்தார். அதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன் என்று ஸ்பீர் பிற்பாடு விளக்கம் சொன்னார், சாட்சி எல்லாம் பிடித்தார். 1981-ல் லண்டனில் இறந்தார். 2007-ல் அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வெளியே வந்தது, 1971 டிசம்பரில் பெல்ஜிய எதிர்ப்பியக்கத் தலைவர் ஒருவரின் மனைவிக்கு எழுதியது. அந்த உரையின்போது நான் அங்கே இருந்தேன், அதில் சந்தேகமில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்.