குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு நூலகர்களும் ஆவணக் காப்பகத்தினரும் உண்மையில் உதவுகிறார்களா? அவர்களை எப்படி அணுகுவது?

"எதைக் கேட்டாலும் இல்லை என்கிறார்கள், அலட்சியமாக நடத்துகிறார்கள்" என்று கேள்விக்குக் கீழே விளக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் பூர்வீகம் எது என்று இன்று எங்களால் சொல்ல முடிகிறதென்றால், ராமேசுவரம் தீவில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணிதான் அதற்குக் காரணம். அவரைப் போன்றவர்களைப் பொத்தாம்பொதுவாகத் திட்டுவதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"எங்கள் தாத்தா பெயர் இது, அவரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்றுதான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் ஆவணக் காப்பகத்தில் காகிதங்கள் ஆள் பெயர்ப்படி அடுக்கப்படுவதில்லை. எந்தத் துறை எழுதியது, எந்த ஆண்டு எழுதியது என்ற வரிசையில்தான் இருக்கும். ஆகவே உங்கள் தாத்தா எந்த அலுவலகத்தின் கண்ணில் பட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டு போங்கள். மனை வாங்கினாரா, ரயில்வேயில் இருந்தாரா, கப்பல் ஏறினாரா, வழக்குப் போட்டாரா? தொழில், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குக் கைபிடிக்க ஏதாவது கிடைக்கும்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். பூட்டனார் பாம்பனுக்கு எப்படி வந்தார் என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. பாலம் கட்டும் வேலைக்கு வந்தவர் என்பது பெரியப்பா வீட்டுப் பேச்சு. தோட்டக் கூலியாட்களைத் தங்கவைத்து அனுப்பிய மண்டபம் கேம்ப் வழியாக இலங்கைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர் என்பார் அப்பத்தா. பாலம் திறந்தது 1914இல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அதனால் இரண்டு பேச்சுமே நம்பும்படி இருந்தன. பிற்பாடு குடும்பம் தனுஷ்கோடிக்குக் குடிபோனது. அங்கிருந்த வீடும் பெட்டியும் 1964 புயலோடு போயின. பாம்பனில் அத்தை வீட்டுப் பரணில் கிடந்ததால் ஒரு கணக்கு நோட்டு மட்டும் தப்பியது.

அதைத்தான் அந்த நூலகரிடம் கொண்டுபோனேன். மேசையில் ஒரு பழைய நாளிதழை விரித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அதன்மேல் நோட்டை வைத்து மெதுவாகப் பிரித்தார். முதல் பக்கத்தில் "குரோதி ௵ தை ௴ ௰௪ ௳ மனை கிரயம்" என்று இருந்தது. நாங்கள் இத்தனை வருடமும் ஏதோ கிறுக்கல் என்று கடந்துபோன குறிகளை வருடம், மாதம், தேதி என்று விரல் வைத்துப் படித்துக் காட்டினார். "அண்ணே, இது குரோதி தை பதினான்கு. 1905 ஜனவரி. அடுத்த குரோதி அறுபது வருடம் கழித்துத்தான். புயலடித்ததே அந்தக் குரோதி மார்கழியில்தானே? அப்போது உங்கள் பூட்டனார் இருந்தாரா?" என்று கேட்டார். அவர் அதற்கு வெகுகாலம் முன்பே காலமாகிவிட்டார். பாலம் திறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே பாம்பனில் மனை வாங்கிய மனிதர் அவர். வீட்டில் இருந்த இரண்டு கட்சியும் அந்த மேசையிலேயே அடிபட்டுப்போயின.

அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியாக உண்டு. சர்வே எண் தெரியாவிட்டாலும் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரை வைத்து, அந்த ஆண்டைக் குறிப்பிட்டு, கையால் தேட மனுப் போடலாம். பத்திர நகல் வந்தது. அதில் தகப்பனார் பெயர், திருப்புல்லாணிப் பக்கத்தில் ஒரு கிராமம், தொழில் தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்துபவர், என்று இருந்தது. பாலத்துக்கு முன்பு பாம்பன் துறைமுகத்தில் தோணி ஓட்டிய மனிதரை நாங்கள் பாலத்துக் கூலி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே ஓர் ஊழியர் என் தாளைப் படித்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் உருவானது. அதற்கு முந்தையதை மதுரை மாவட்டத்து ஆவணங்களில் தேட வேண்டும். இன்னொன்று, எங்கள் கிராமம் சேதுபதி சமஸ்தானத்து ஜமீன் கிராமம்; 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அங்கே, அரசே குடியானவரிடம் நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி செட்டில்மென்ட் வந்தது; அதற்கு முன் ஒவ்வொரு குடியானவர் பெயரிலும் அரசுப் பட்டா இருக்கும் என்று தேடுவது வீண். "இல்லை" என்று சொன்னவர்தான் அவரும். அந்த இல்லை எனக்கு எவ்வளவு அலைச்சலை மிச்சப்படுத்தியது என்று நினைத்துப் பாருங்கள். நிலவரிக் கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்பதையும் அவர்தான் என் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

"உங்களுக்கு நல்லவர்கள் வாய்த்தார்கள், எங்களுக்கு அப்படியில்லை" என்று சிலர் கீழே எழுதுவார்கள். முகம் கொடுத்துப் பேசாத ஊழியர்களை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. எனக்கு அந்தத் துறையில் சொந்தக்காரர் யாரும் கிடையாது, சிபாரிசும் இல்லை. ஆனால் அந்தக் கிளை நூலகத்தைத் தனி ஆளாகத் திறந்து, பெருக்கி, நாளிதழ் அடுக்கி, இரவல் எழுதி, உப்புக் காற்றில் துருப்பிடித்த பீரோவுக்குள் ஊர்ப் பள்ளிகளின் விழா மலர்களையும் கும்பாபிஷேக மலர்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர் அவர். உபயதாரர் பட்டியலில் பெயரும் சொந்த ஊருமாக எத்தனை குடும்பங்கள் அந்த மலர்களில் இருக்கின்றன! அவசரப்படுத்தாமல் கேட்டால்தான் அந்த பீரோ திறக்கும்.

கோவில்பட்டியிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருபவர்களுக்கு ஒன்று. தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடும் அரசு ஆவணம் அல்ல. பங்குத்தந்தையிடமும் ஜமாத் நிர்வாகிகளிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊர்ப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியைப் பேய் நகரம் என்று தலைப்பிட்டு வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இடிந்த தேவாலயச் சுவரில் சாய்ந்து நின்று படம் எடுக்கிறார்கள், பவளக் கல்லைப் பெயர்த்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே எங்கள் ஐயா குடியிருந்தார். பேய் குடியிருக்கவில்லை.

பத்திர நகலின் ஜெராக்ஸும் கிளைவாரியாக எழுதிய எங்கள் குடும்பப் பட்டியலும் இப்போது அதே பீரோவில் இருக்கின்றன. அதே கிராமத்தைத் தேடிக்கொண்டு வந்த இன்னொரு குடும்பத்துக்கு நூலகர் அதை எடுத்துக் காட்டினாராம். நான் மாவட்ட நூலக அலுவலருக்கு, அவர் செய்த வேலையை விவரமாக எழுதி, அவர் பெயரையும் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். புகார்க் கடிதம் எழுத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்கு உதவியவருக்காக இப்படி ஒன்றும் எழுதுங்கள்.