ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் பட்டம் டி வேர் குடும்பத்தில் எப்படி அற்றுப்போனது?

இங்கிலாந்தின் உயர்குடிப் பட்டங்களுள் ஒன்றான ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் பட்டம், கடைசி ஏர்லுக்கு மகள் இருந்தும் ஏன் அவரைச் சேரவில்லை என்பதே கேள்வி. 1141இல், இங்கிலாந்து அரியணைக்கு உரிமை கோரிய பேரரசி மட்டில்டா ஆப்ரி டி வேருக்கு அளித்த அந்தப் பட்டம், இடையில் சில முறை பறிக்கப்பட்டு மீண்டாலும், ஆண்வழியிலேயே நிலைத்தது. 18ஆம் ஏர்ல் ஹென்றி 1625இல் பிள்ளையின்றி இறந்தபோது பெரும் வழக்கு மூண்டது; மறு ஆண்டு நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவை, ஏர்ல் பட்டத்தைப் பங்காளியான ராபர்ட் டி வேருக்கும், பரம்பரை அரண்மனைப் பதவியான பெரும் சேம்பர்லைன் பொறுப்பை ஹென்றியின் அத்தை மகனான ராபர்ட் பெர்ட்டிக்கும் பிரித்தளித்தது. பதவி பெண்வழியில் இறங்கலாம், பட்டம் இறங்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு அரிது.

ராபர்ட் டி வேரின் மகனான 20ஆம் ஏர்ல் ஆப்ரி 1703இல் மறைந்தார். மகள் டயானா செயின்ட் ஆல்பன்ஸ் டியூக்கின் மனைவியாக இருந்தும், ஆண் வாரிசு இல்லாததால் பட்டம் ஆப்ரியுடன் முடிந்தது. 1711இல் அரசியல்வாதி ராபர்ட் ஹார்லி அப்பெயரில் புதுப்பட்டம் பெற்றபோது, பழைய வாரிசு எவரேனும் உரிமை கோரக்கூடும் என்ற முன்னெச்சரிக்கையாலோ என்னவோ, 'ஆக்ஸ்ஃபோர்டு மற்றும் மார்ட்டிமர்' என்று இரட்டைப் பெயர் சூட்டப்பட்டது. அதுவும் 1853இல் அற்றுப்போனது.