ஹாலிவுட் கோடைப் படங்கள் எவ்வளவு வசூலிக்கும் என்று ரிலீசுக்கு முன்பே கணிக்க முடியுமா? நீங்கள் எப்படிக் கணிக்கிறீர்கள்?

முதல் மூன்று நாள் வசூலைக் கொஞ்சம் உழைத்தால் கணித்துவிடலாம். மொத்த வசூலை ரிலீசுக்கு முன்னால் சொல்பவர்கள் குருட்டாம்போக்கில்தான் அடிக்கிறார்கள், என்னையும் சேர்த்து. ஆனால் எது நின்று ஓடும், எது இரண்டாவது வாரமே படுத்துவிடும் என்று திசையையாவது சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, வருடத்துக்கு ஐந்து படம்கூடப் பார்க்காத என் பெரியப்பா மகள்.

நாங்கள் ஆறு பேர் 2016லிருந்து ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் கடைசி ஞாயிறுக்குள் ஒவ்வொருவரும் பத்துப் படங்களை எழுதி, ஒவ்வொன்றும் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து எவ்வளவு வசூலிக்கும் என்று ஒரு எண்ணைப் போட வேண்டும். மே மாத முதல் வெள்ளியிலிருந்து, செப்டம்பர் முதல் திங்களில் வரும் அவர்களுடைய தொழிலாளர் தினம் வரை வெளியாகும் படங்கள்தான் கணக்கு. பணம் கிடையாது. கடைசி இடம் பிடிப்பவர் அடுத்த வருடம் எக்செல் ஷீட்டைப் பராமரிக்க வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. நான்கு வருடமாக ஷீட் என்னிடம்தான் இருக்கிறது.

பணம் வைத்து ஆடத்தான் ஒருகாலத்தில் ஆசைப்பட்டார்கள். சினிமா வசூலின் மீது ஃபியூச்சர்ஸ் வர்த்தகம் (வரப்போகும் எண்ணை முன்கூட்டியே பேசி வாங்கி விற்பது) நடத்த 2010ல் அமெரிக்காவில் அனுமதியே கிடைத்தது. ஸ்டுடியோக்கள் கொதித்தெழுந்தன. அதே வருடம் வந்த டாட்-ஃபிராங்க் நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில் அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். இப்படித் தனியாகச் சட்டம் போட்டு ஃபியூச்சர்ஸைத் தடை செய்த இன்னொரு சரக்கு வெங்காயம், 1958ல். வெங்காயத்துக்கும் சினிமாவுக்கும் அப்படியொரு சொந்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கண்ணைத் திறந்தது ஒரு வெள்ளிக்கிழமை: 2023 ஜூன் 16. 'தி ஃபிளாஷ்', 'எலிமென்டல்' இரண்டும் அன்றைக்குத்தான் வெளியாயின. முன்னது சூப்பர்ஹீரோ படம், பழைய பேட்மேன் மைக்கேல் கீட்டன் வேறு திரும்பி வருகிறார். பின்னது பிக்ஸார் அனிமேஷன், யாருக்கும் முன்பின் தெரியாத கதாபாத்திரங்கள். நான் ஃபிளாஷுக்கு 22 கோடி டாலர், எலிமென்டலுக்கு 12 கோடி என்று எழுதியிருந்தேன். அக்கா (அந்தப் பெரியப்பா மகள்தான்) நேர்மாறாக, எலிமென்டலுக்கு 16, ஃபிளாஷுக்கு 13 என்று எழுதியிருந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை எண்கள் வந்தன. ஃபிளாஷ் 5.5 கோடி, எலிமென்டல் 2.96 கோடி. ஃபிளாஷே எதிர்பார்த்த அளவு வரவில்லை. எலிமென்டலுக்கோ, பிக்ஸாரின் மிக மோசமான தொடக்கங்களில் ஒன்று என்று பத்திரிகைகள் இரங்கற்பாவே பாடிவிட்டன. நான் குரூப்பில், "அக்கா, உங்க பொம்மைப் படம் அவுட்" என்று எழுதினேன். அவர் பதிலே போடவில்லை.

அடுத்த வார இறுதியில் ஃபிளாஷ் 70 சதவீதத்துக்கு மேல் சரிந்து சுமார் 1.5 கோடிக்கு வந்தது. எலிமென்டல் 38 சதவீதம்தான் இறங்கி 1.84 கோடி எடுத்தது. எட்டே நாளில் வரிசை மாறிவிட்டது. அதற்குப் பிறகும் அது அடங்கவில்லை, ஜூலை முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போனது. கடைசிக் கணக்கில் ஃபிளாஷ் சுமார் 10.8 கோடி, எலிமென்டல் 15.4 கோடி. அக்காவிடம் எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டேன். ஃபோனில் அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "டேய், நீ எந்தப் படத்துக்குப் போகணும்னு நெனைக்கிறியோ அதை எழுதுற. நான் என்னை எதுக்கு இழுத்துட்டுப் போவாங்களோ அதை எழுதுறேன்."

அக்கா இருப்பது அமெரிக்காவில், வீட்டில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள். கோடை வசூலின் சூட்சுமம் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. மற்ற மாதங்களில் ஒரு படம் வெள்ளி, சனி, ஞாயிறில் சம்பாதித்து, திங்கள் முதல் வியாழன் வரை ஈ ஓட்டும். கோடையில் பிள்ளைகளுக்கு எல்லா நாளும் ஞாயிறு. காலை பதினொரு மணிக்கே "போரடிக்குது" என்று ஆரம்பித்தால் அம்மா எங்கே கூட்டிப் போவார்? வெளியே வெயில், உள்ளே ஏசி. போதாக்குறைக்கு அங்கே பல தியேட்டர்களில் செவ்வாய்க்கிழமை டிக்கெட் மலிவு. ஒரு குடும்பப் படத்துக்குக் கோடையின் செவ்வாய்க்கிழமை மற்ற மாதங்களில் நினைத்துப் பார்க்க முடியாத வசூலைத் தரும். பத்திரிகைகள் வார இறுதி எண்ணைத்தான் தலைப்பாகப் போடுகின்றன, அதனால் நம் கண்ணில் இது படுவதே இல்லை.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளிகள் எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் மூடுவதில்லை. தெற்கே பல இடங்களில் மே கடைசியிலேயே மூடிவிட்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்துவிடுவார்கள். நியூயார்க்கில் ஜூன் கடைசி வாரம் வரை பள்ளி நடக்கும். ஆகவே ஜூன் நடுவில் வரும் குடும்பப் படத்துக்கு வாரா வாரம் புதுப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்துகொண்டே இருப்பார்கள். அதே படம் ஜூலை கடைசியில் வந்தால் மூன்றாவது வாரமே ஆட்கள் குறைய ஆரம்பித்துவிடும். நான் இப்போது தேதியைப் பார்த்துவிட்டுத்தான் ட்ரெய்லரையே பார்க்கிறேன்.

மொத்த வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுத்தால் வருவதை மல்டிப்ளையர் என்பார்கள். பேச்சு வழக்கில், படத்துக்குக் 'கால்' இருக்கிறதா என்று கேட்பார்கள். (நாமும் படம் ஓடுச்சா என்றுதானே கேட்கிறோம்? கால் இல்லாமல் எப்படி ஓடும்?) இரண்டுக்குப் பக்கம் வந்தால் பார்த்தவர்கள் அடுத்தவரைத் தடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், ஃபிளாஷுக்கு அதுதான் நடந்தது. இரண்டரை சுமார். மூன்று நல்ல ஓட்டம். நான்கைத் தாண்டினால் பெரிய அதிசயம், எலிமென்டல் ஐந்தைத் தாண்டியது. இந்தக் கணக்கு சின்னப் படங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2024ல் சூப்பர்ஹீரோ படமான 'டெட்பூல் & வுல்வரின்' முதல் வார இறுதியில் 21.1 கோடி அள்ளியது. பிக்ஸாரின் 'இன்சைட் அவுட் 2' 15.4 கோடிதான். கடைசியில் டெட்பூல் சுமார் 63.7 கோடியில் நின்றது, இன்சைட் அவுட் 65.3 கோடிக்குப் போய்விட்டது.

ரிலீஸ் ஆன மறுநாளே இதை மோப்பம் பிடிக்க ஒரு எண் உண்டு: வெள்ளி ரிலீசுக்கு முந்தைய வியாழன் இரவு முன்காட்சி வசூல். இதை வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், அதனால் பலர் கவனிப்பதில்லை. டெட்பூலுக்கு வியாழன் மட்டும் 3.85 கோடி, அதாவது அந்த வார இறுதியில் ஏறக்குறைய 18 சதவீதம். ஃபிளாஷுக்கு 97 லட்சம், அதுவும் கிட்டத்தட்ட அதே விகிதம். இன்சைட் அவுட் 2க்கும் எலிமென்டலுக்கும் எட்டு சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. வியாழன் இரவே முண்டியடித்துக்கொண்டு போகிறவர்கள் தீவிர ரசிகர்கள். அவர்கள் பங்கு பெரிதாக இருந்தால் அடுத்த வாரத்துக்கு ஆள் மிச்சம் இருக்காது. குடும்பங்கள் வியாழன் இரவு பத்து மணிக் காட்சிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. விகிதத்தை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது, கூட்டத்தின் குணத்தைச் சொல்லலாம். டெட்பூல் அந்த விகிதத்தோடும் மூன்று மடங்கு ஓடியதே, காரணம் வந்தவர்களுக்குப் படம் பிடித்திருந்தது.

பிடித்ததா என்று தெரிந்துகொள்ள சினிமாஸ்கோர். 1970களின் கடைசியிலிருந்து இருக்கிறது. முதல் நாள் இரவு தியேட்டரிலேயே பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குவார்கள். முதல் நாள் வருபவர்கள் ஏற்கெனவே ஆசையோடு வருபவர்கள், அதனால் தாராளமாகப் போடுவார்கள். பெரிய கோடைப் படத்துக்கு பி என்பது நம் பள்ளிக்கூட பி அல்ல, கிட்டத்தட்ட ஃபெயில். ஃபிளாஷ் வாங்கியது பி, எலிமென்டல் ஏ. விமர்சகர்கள் தரும் சதவீதத்தைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

ஆனால் ஏ வாங்கியும் சரிந்த படம் உண்டு, அதில் நான் அடி வாங்கியதும் உண்டு. 2023 ஜூலை 12, புதன்கிழமை, மிஷன் இம்பாசிபிள் ஏழாம் பாகம். நான் 25 கோடி எழுதியிருந்தேன். முந்தைய பாகம் 2018ல் 22 கோடி எடுத்திருந்தது, அதைத் தாண்டாதா என்ற நம்பிக்கை. ஒன்பதே நாளில், ஜூலை 21ல், 'பார்பி'யும் 'ஓப்பன்ஹைமர்'உம் சேர்ந்து வந்தன. ஐமேக்ஸ் திரைகள் மொத்தமும் ஓப்பன்ஹைமருக்குப் போயின. மிஷன் இம்பாசிபிள் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்து, கடைசியில் சுமார் 17.2 கோடியில் நின்றது. படத்தில் குறை இல்லை, காலண்டரில்தான் குறை. விலை அதிகமான பெரிய திரைகள் எத்தனை வாரம் ஒரு படத்தின் கையில் இருக்கும் என்று இப்போது ஷீட்டில் தனிப் பத்தியே வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் இல்லாமலும் கால் முளைக்கும். 'டாப் கன்: மேவரிக்' 2022ல் மூன்று நாளில் 12.67 கோடி எடுத்து, இரண்டாவது வார இறுதியில் 29 சதவீதம் மட்டுமே இறங்கி, மொத்தம் 71.8 கோடிக்குப் போனது. ஐந்தரை மடங்குக்கும் மேல். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் முதல் நாள் ஓட மாட்டார்கள். யாராவது சொல்ல வேண்டும், துணைக்கு ஆள் சேர வேண்டும், மூட்டுவலி அனுமதிக்க வேண்டும். ஆனால் கிளம்பிவிட்டால் பத்து வாரம் வந்துகொண்டே இருப்பார்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்று, இருவருக்குமே ஸ்பாய்லரைப் பற்றிக் கவலை இல்லை.

முதல் மூன்று நாளைக் கணிப்பது பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரிலீசுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே சில நிறுவனங்கள் மக்களிடம் இந்தப் படம் தெரியுமா, பார்ப்பீர்களா என்று கேட்டு மதிப்பீடு வெளியிடும். முன்பதிவை இதே மாதிரிப் பழைய படங்களோடு ஒப்பிடுவார்கள். ஸ்டுடியோ தன் பங்குக்கு எண்ணைக் கொஞ்சம் குறைத்தே கசியவிடும், அப்போதுதான் திங்கட்கிழமை 'எதிர்பார்ப்பை முறியடித்தது' என்று தலைப்பு வரும். சினிமாவுக்கு அடிக்கடி போகாத ஒரு கூட்டம் திடீரென்று கிளம்பும்போதுதான் இந்த முறை சறுக்கும். பார்பி 16.2 கோடியும் ஓப்பன்ஹைமர் 8.2 கோடியும் திறந்தபோது, சில வாரங்களுக்கு முந்தைய மதிப்பீடுகள் இரண்டுமே பரிதாபமாகத் தெரிந்தன. இன்னொன்று, எண்களை ஒப்பிடும்போது நாட்களை எண்ணுங்கள். மே கடைசி நீண்ட விடுமுறையில் நான்கு நாள் வசூல், ஜூலை 4ஐ ஒட்டி ஐந்து நாள் வசூல் என்று போடுவார்கள். அதைச் சாதாரண மூன்று நாளோடு வைத்துப் பார்த்து ஏமாந்தவன் நான்.

என்னுடைய பெரிய தோல்வி எது என்று கேட்டால் 2024ன் 'ஃபியூரியோசா'. அதன் முந்தைய படம் 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' ஆறு ஆஸ்கர் வாங்கியது, எனக்கு உயிர். இணையத்தில் நான் பழகும் அத்தனை பேருக்கும் உயிர். முந்தையது 2015ல் எடுத்ததே 15.4 கோடிதான் என்று தெரிந்தும் 14 கோடி எழுதினேன். நான்கு நாள் விடுமுறையில் 3.2 கோடி வந்தது, மொத்தம் 7 கோடியைக்கூடத் தொடவில்லை. அக்கா அந்தப் படத்தைத் தன் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. "அந்தப் பொண்ணு மொட்டை அடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டுமே, அதுதானே? என் வீட்ல அதுக்கு யாருடா வருவா?" என்றார்.

ஆகவே இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்துக்கு எதிரிலும், எண்ணை எழுதும் முன், 'யார் யாரை இழுத்துக்கொண்டு போவார்கள்' என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். 2025ல் 'லைலோ & ஸ்டிட்ச்' எதிரே 'பிள்ளை, அம்மா, அம்மா சின்ன வயதில் பார்த்தது' என்று எழுதினேன். 36 கோடி போட்டேன், வந்தது 42 கோடிக்கும் மேல். தப்புதான், ஆனால் திசை சரி. அக்கா 40 போட்டிருந்தார்.

இந்த வருடம் எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருக்கிறது. அக்காவின் மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டது. பொம்மைப் படத்துக்கெல்லாம் வரமாட்டேன், ஃப்ரெண்ட்ஸோடுதான் போவேன், என்ன படம் என்று சொல்ல மாட்டேன் என்கிறாளாம். சின்னவன் இன்னும் கட்சி மாறவில்லை.